உங்கள் குரலில் நான் சொன்ன "வேண்டாம்"

வெள்ளவத்தை
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் சுகத்தை முதலில் கேட்கிறேன். இருமல் நின்றுவிட்டதா? இரவு வேலைக்குப் போகும்போது தடித்த காலுறையைப் போடுகிறீர்களா, அல்லது காயவில்லை என்று மெல்லியதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறீர்களா? அந்தக் குளிரில் மயூரபதி அம்மன்தான் உங்களுக்குத் துணை இருக்கவேண்டும். எங்கள் சுகத்தை எப்போதும் முதல் வரியிலேயே எழுதிவிடுவோம். இந்தமுறை அதைப் பின்னுக்கு வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பயத்தோடு வாசிப்பீர்கள். தம்பி பத்திரமாக இருக்கிறான். ஹோலில் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான், நான் குசினியில் இருந்து பார்த்தால் அவனுடைய கால் தெரிகிறது. கரண்ட் வெட்டு இருந்த காலத்தில் நீங்கள் வாங்கிய சார்ஜ் லைட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கெமிஸ்ட்ரி கொப்பியின் நடுத்தாள்களைக் கழற்றி எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நான் செய்த பிழை என் குரலால் செய்த பிழை. அதே குரலால் அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து அனுப்புவேன். நீங்கள் இப்போது டியூட்டியில் இருப்பீர்கள், போன் லொக்கரில் இருக்கும் என்று தெரியும். வேலை முடிந்து பார்க்கும்போது எங்காவது இருந்து வாசியுங்கள் அம்மா. பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிக்கவேண்டாம்.

வீட்டுப் புதினம் அதிகம் இல்லை. லிஃப்ட் திரும்பவும் நின்றுவிட்டது. நேற்றுத் தண்ணீர்ப் போத்தலோடு படியேறும்போது மூன்றாம் மாடி அஸீஸா அன்ரி என்னை மறித்து, "எலும்பும் தோலுமா ஈக்கிறாய் மகள், ஒங்கட உம்மா வந்து பார்த்தா எனக்குத்தான் ஏசுவா" என்று சொல்லி ஒரு கிண்ணம் வட்டிலப்பம் தந்தார். அப்பா அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, கருப்பட்டிச் சீனி உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்கிறார். அவருடைய சீனி வருத்த மருந்தைக் காலை, இரவு என்று நான்தான் எடுத்து வைக்கிறேன். கொச்சிக்கடை ஸ்டோர்ஸில் துறைமுகச் சாமான் குவிந்து கிடப்பதால் வீட்டுக்கு வரும்போது எட்டு மணி தாண்டிவிடுகிறது. வந்து சாப்பிட்டு, செய்தி கேட்டு, அப்படியே சரிந்துவிடுகிறார். தம்பிக்குச் சப்பாத்து இறுகிவிட்டது, ஒரு அளவு கூட்டி வாங்கியிருக்கிறேன். இதையெல்லாம் எழுதுவது சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுவதற்குத்தான். உங்களுக்கு அது விளங்கியிருக்கும்.

நீங்கள் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் பழைய போனையும் சிம்மையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். வங்கி, காஸ், ரியூஷன், இரண்டு பள்ளிக்கூடமும் அந்த நம்பரில்தான் இருக்கின்றன, எல்லா இடத்திலும் மாற்றித் திரிய ஏலாது என்று சொன்னீர்கள். முதல் தடவை காஸ் கடைக்காரன் "மிஸிஸ் பாலசுந்தரமா?" என்று கேட்டபோது, இல்லை, மகள் என்று விளக்கம் சொல்லப் பஞ்சிப்பட்டு "ஓம்" என்றேன். பிறகு ஃப்ளாட் செயலாளருக்கும் அப்படியே சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி எடுத்தபோது நான் ஹலோ என்று மட்டும்தான் சொன்னேன். அதற்குள் அவர், நீங்கள்தான் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று நினைத்து, "என்னடி ஜெகதீஸ், சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறாய்! மச்சாளுக்கு ஒரு சொல்லு சொல்லேலாமப் போச்சோ?" என்று ஏசத் தொடங்கிவிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் தம்பியிடம் போனைக் கொடுத்தேன். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்குச் சிரித்தவன்தான், அதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் குரல் எனக்கு அப்படியே இருக்கிறதாம். எனக்கு அது பிடித்திருந்தது அம்மா. யதுஷாவாக ரியூஷன் ஒஃபிஸுக்கு எடுத்தால் பிறகு எடுக்கச் சொல்வார்கள். நீங்களாகக் கதைத்தால் இருங்கோ மிஸிஸ், பார்த்துச் சொல்லுறம் என்பார்கள். கொஞ்ச நாளில் நான் கதைக்கிறேனா நீங்கள் கதைக்கிறீர்களா என்று யோசிக்கிறதையே விட்டுவிட்டேன்.

தம்பியின் பள்ளிக்கூடத்தில் கதிர்காமநாதன் சேர் என்று ஒருவர் இருக்கிறார். பூகோளம் படிப்பிக்கிறவர், பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கும் உளவளத்துணைக்கும் அவர்தான் பொறுப்பு. அதற்கென்று தனி அறை இல்லையாம். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் பாதியைத் திரைச்சீலையால் மறைத்து, இரண்டு கதிரை போட்டிருக்கிறார்கள். தம்பி வகுப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருப்பதையும், இடைவேளைக்கு வெளியே போகாமல் இருப்பதையும் கண்டு சேர் அவனை அங்கே கூப்பிட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், தம்பி சொல்லித்தான் தெரியும். "அவர் ஒண்டும் நோண்டிக் கேக்கமாட்டார் அக்கா. பந்துக்குக் காத்தடி எண்டு பம்பைத் தருவார். அடிச்சுக்கொண்டிருக்கேக்க கதை தானா வந்திடும்" என்றான். அங்கே போகிறவர்களைப் பெடியன்கள் "அங்கொட பஸ்ஸில ஏறிட்டாண்டா" என்று, அங்கொட மனநோய் ஆஸ்பத்திரியைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்களாம். அப்படியிருந்தும் அவன் போயிருக்கிறான். அந்த அறைக்குப் போகிற நாளில் மட்டும்தான் பள்ளிக்கூடம் போக மனம் வந்ததாம்.

ஓகஸ்ட் மாதம் சேர் உங்கள் பழைய நம்பருக்கு வாட்ஸப்பில் எடுத்தார். நீங்கள் இங்கிலாந்தில் இருப்பதை அவன் சேருக்குச் சொல்லியிருக்கிறான். பதிவில் இருந்த நம்பருக்கு வாட்ஸப்பில் எடுத்தால் நீங்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகும் என்று அவர் நினைத்திருக்கிறார். "அபிஷன்ட அம்மாவோ? டியூட்டி நேரத்தில கரைச்சல் தாறன் போல, குறை நினைக்காதேங்கோ" என்றார். நான் "ஓம் சேர், பரவாயில்ல, சொல்லுங்கோ" என்றேன். அந்த ஓமைச் சொல்லும்போது நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. வழக்கமாகச் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது. சத்தியமாக, சப்பாத்து அல்லது பெற்றோர் கூட்டம் பற்றிய கதை என்றுதான் நினைத்தேன். அவர் தம்பி நித்திரை கொள்வதில்லைப் போல இருக்கிறது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுபோகிறான், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நடுவில் எப்படி நிறுத்தி, நான் அம்மா இல்லை சேர் என்று சொல்வது? கவனிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிரவே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் நீங்கள் வேலை செய்யும் கேயார் ஹோமுக்கு ஏதோ பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னீர்கள், சொல்லாமல் விட்டேன். அதற்கடுத்த நாள் உங்களுக்கு இருமல். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது.

இரண்டாம் தடவை அவர் எடுத்தபோது குரல் வேறுமாதிரி இருந்தது. தம்பியோடு படிக்கிற முர்ஷித், தம்பி தன்னிடம் சொன்ன ஒரு விஷயத்தைச் சேரிடம் வந்து சொல்லியிருக்கிறான். "நான் இல்லாட்டி வீட்டில எல்லாருக்கும் லேசா இருக்கும்" என்று சொன்னானாம். அம்மா, இந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் எழுதினேன். சேர் சொன்னார், "நான் ஒரு ட்ரெய்னிங் எடுத்தனான், அவ்வளவுதான் அம்மா. என்னை விட இதில தெரிஞ்ச ஒரு மிஸ் வெளியில இருந்து எங்கட ஸ்கூலுக்கு வந்து போறவா. அவவோட தம்பியைக் கதைக்கவைக்க விருப்பம். அதுக்கு வீட்டில ஒராள் வந்து ஓம் எண்டு சொல்லவேணும். தம்பிட அப்பா வரலாமோ?" அதற்கு நான் உங்கள் குரலில், அப்பாவுக்கு நெஞ்சுவருத்தம், அவருக்குச் சொல்லவேண்டாம், இதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம், வேண்டாம் சேர் என்று சொன்னேன். அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சேர், "இன்னொருக்கா யோசியுங்கோ அம்மா, நான் திரும்ப எடுக்கிறன்" என்றார். அவர் திரும்ப எடுத்தார். பல தடவை எடுத்தார். நான் அவருடைய நம்பரைத் தடுத்துவைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். ஒரு காரணம் மட்டும் இல்லை அம்மா. கீழ் மாடியில் ஒரு அக்காவை மனநோய் டொக்டரிடம் கூட்டிப்போனபோது லிஃப்டுக்குள் எப்படிக் கதைத்தார்கள் என்று நீங்களும் கேட்டீர்கள்தானே. அப்பாவும் அன்றைக்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டே "இப்பத்தப் பிள்ளையளுக்குச் செல்லம் கூடிப்போச்சு" என்றார். தம்பியைப் பற்றியும் அப்படிக் கதைப்பார்களே என்று பயந்தேன். அதைவிட, உங்களுக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள், நீங்கள் அங்கே நின்று பட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று பயந்தேன். இவை உண்மைதான். ஆனால் இவற்றுக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. கட்டுநாயக்காவில் உள்ளே போகும் முன் என் கையைப் பிடித்து, "தம்பியை உன்னை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்" என்றீர்கள். சேர் சொன்னதை ஒத்துக்கொண்டால், நான் சரியாகப் பார்க்காததால்தான் அவன் இப்படி ஆனான் என்று ஆகிவிடும். அதை ஒருவரும் அறியக்கூடாது என்று நினைத்தேன். தம்பியை மறைத்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறைத்தது என்னைத்தான்.

அதற்குப் பிறகு நானே அவனைத் திருத்திவிடலாம் என்று வெளிக்கிட்டேன். அவனுடைய போனைப் பறித்து அலுமாரியில் வைத்தேன். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் வந்தால் ஏசினேன். காலையில் எழும்பாவிட்டால் போர்வையை இழுத்தேன். "நீ என்ன எனக்கு அம்மாவோ?" என்று ஒருநாள் கேட்டான். "அம்மா இருந்தா இதைவிட நல்லா அடி குடுப்பா" என்றேன். இன்னொரு நாள் சொன்னது அதைவிட மோசம். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் அவனுடைய கட்டில் ஓரத்தில் நின்று, "நீ இப்பிடியே கிடந்தா அம்மாவுக்குச் சொல்லுவன். அம்மா வேலையை விட்டிட்டு வந்திடுவா. பிறகு எல்லாம் உன்னாலதான்" என்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் முதல் நான் எழுப்பாமலே எழும்பினான், உடுப்புப் போட்டான், பெட்டியைக் காலியாகக் கொண்டுவந்தான். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உங்களிடம் தம்பி இப்போது நல்ல பிள்ளை என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? அவன் குளிக்கிறான் என்று சொல்லி உங்களிடம் வரவில்லை. அதற்கு முந்தின கிழமையும் வரவில்லை.

இன்று பின்நேரம் ரியூஷன் நடக்கவில்லை. கடற்காற்று வாங்கிக்கொண்டு மரைன் டிரைவ் வழியாக நடந்து வந்தேன். தண்டவாளத்தில் வெள்ளை உடுப்போடு ஒரு பெடியன் புத்தகப் பையைத் தோளில் மாட்டி, எனக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். நடையைப் பார்த்தே தெரிந்தது. பம்பலப்பிட்டிப் பக்கம் இருந்து கோச்சி ஹோர்ன் அடித்தது. அவன் நடந்துகொண்டேயிருந்தான். கல்லில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்கள ஆள் எழும்பி, "மல்லி! கோச்சிய எனவா! எஹாட்ட யன்ன!" என்று, கோச்சி வருது தள்ளிப் போ என்று சிங்களத்தில் கத்தினார். நானும் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவன் நின்று, யாருக்கோ வழிவிடுகிறவன்போல மெதுவாக இறங்கி, கல்லுப் பக்கம் போனான். கோச்சி கடந்து போனது. நான் வேலியைத் தாண்டி ஓடினேன், காற்சட்டை கிழிந்துவிட்டது. அந்த ஆள் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, நான் வரும்வரை அவனுக்குப் பக்கத்தில் நின்றார். நான் வந்ததும் ஒன்றும் கேட்காமல் தன் இடத்துக்குப் போனார்.

கல்லில் இரண்டு பேரும் இருந்தோம்.  ஏனடா ஸ்கூல் முடிஞ்சு நேரா வீட்ட வரேல்ல என்றேன். "இண்டைக்குப் போகவே இல்லையே" என்றான். கன நாளாகப் போகவில்லையாம், காலையில் வெளிக்கிட்டு இங்கேதான் வந்து இருப்பானாம், சோற்றைக் காகத்துக்கு வைத்துவிடுவானாம். கோச்சி வந்தது கேக்கேல்லயா என்றேன். "கேட்டது" என்றான். அவ்வளவுதான் சொன்னான் அம்மா. நான் அவனுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன், கையைப் பிடிக்கப் பயமாக இருந்தது. பிறகு அவனாகவே கதைத்தான். சேரைப் பற்றி, பந்துக்குக் காற்றடிப்பதைப் பற்றி எல்லாம் அப்போதுதான் சொன்னான். ஏன் இப்போது சேரிடம் போவதில்லை என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சேர் அம்மாவோட கதைச்சவர் அக்கா. எல்லாத்தையும் சொன்னவராம். அம்மா வேண்டாம் எண்டிட்டாவாம். அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில வந்து என்னட்டக் கேக்கிறா, சப்பாத்து அளவு காணுமோ எண்டு. எல்லாம் தெரிஞ்சுகொண்டு சப்பாத்தைக் கேக்கிறா. அப்ப அவவுக்கு நான் வேண்டாம்தானே." அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிச் சேர் சொல்லிவிட்டாராம். அம்மாவே வேண்டாம் என்ற பிறகு அப்பாவுக்கு என்னத்தைச் சொல்வது என்று இவன் சொல்லவில்லையாம். சேர் தேடுவார் என்றுதான் பள்ளிக்கூடத்தையே விட்டானாம்.

அந்த நேரமே, அது நான்தான்டா என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன், வரவில்லை. "வா வீட்ட போவம், பசிக்குது" என்றேன். வழியில் கடையில் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவன் தின்றான், அது ஒரு ஆறுதல். வீட்டுக்கு வந்து அறையில் நுளம்பு என்று சொல்லி, இரண்டு பேரும் அப்பாவோடு ஹோலில் படுப்போம் என்று பாய் விரித்தேன். பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பை என் தலைமாட்டில் வைத்தேன். இருவரும் கண்ணை மூடிய பிறகு குசினிக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். நீங்கள் வாசித்து, நீங்களே அவனுக்கு எடுத்துச் சொல்வீர்கள், நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தப்பலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இந்த இடம் வரை எழுதியபோது அது எவ்வளவு பயந்தாங்கொள்ளித்தனம் என்று விளங்கியது. உங்களுக்கு வேலை முடிய இன்னும் எத்தனையோ மணித்தியாலம் இருக்கிறது. அவ்வளவு நேரமும் அவன், அம்மாவுக்கு நான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பாயில் கிடப்பான். அதனால் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போகிறேன். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

போய் வந்துவிட்டேன் அம்மா.  அவன் நித்திரை கொள்ளவில்லை. பக்கத்தில் குந்தி, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். சேரோடு கதைத்தது அம்மா இல்லை, நான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொன்னது என்னுடைய வாய். அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. "அப்ப அம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "ஒண்டுமே தெரியாதா?" ஒன்றுமே தெரியாது என்றேன். "சத்தியமா?" "அம்மாவாண சத்தியம்" என்றேன். அவன் தலையணையில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினான். சத்தமில்லாமல் இல்லை, சின்னப் பிள்ளையில் ஊசி போட்டபோது அழுவானே, அப்படி. அப்பா எழும்பிவிட்டார். "என்ன பிள்ளை, என்ன சத்தம், லைட்டைப் போடு" என்றார். இனி மறைக்க எனக்குப் பலம் இல்லை. போட்டேன், சொன்னேன்.

அப்பா முதலில் என்மேல் பாய்ந்தார். "நீ ஆரடி வேண்டாம் எண்டு சொல்ல? எனக்கு நெஞ்சுவருத்தம் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று கத்தினார். மேல் மாடியில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்டவாளத்துக் கதையைச் சொன்னேன். அப்பா நிலத்தில் இருந்துவிட்டார். "என்னட்ட ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்றார். தம்பி தலையணைக்குள் இருந்தபடியே, "நீங்க கேக்கேல்லயே அப்பா" என்றான்.  அப்பா எழும்பினார், ஆணியில் தொங்கிய சேட்டைப் போட்டார், தலையைச் சீப்பால் இழுத்தார், செருப்பைத் தேடினார். எங்கே என்று கேட்டேன். "சேரிட்டத்தான். வாங்கோ போவம்" என்றார். தம்பி முகத்தைத் தூக்கி, "அப்பா, இந்த நேரத்தில ஸ்கூலில வோச்சர் மட்டும்தான் இருப்பான். அவனிட்டயா கவுன்சிலிங் எடுக்கப் போறீங்கள்?" என்றான். அழுதுகொண்டே சொன்னான் அம்மா. அப்பா ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு வந்து, சேட்டும் கழற்றாமல், தம்பிக்குப் பக்கத்தில் படுத்தார். இப்போதும் அந்தச் சேட்டோடுதான் படுத்திருக்கிறார். கை தம்பியின் முதுகில் கிடக்கிறது. தம்பி நித்திரையாகிவிட்டான், மூச்சுச் சத்தம் கேட்கிறது. அப்பா நித்திரை இல்லை, நான் இங்கே எழுதுவது அவருக்குத் தெரியும், கேட்கவில்லை.

தம்பி நித்திரையாகும் முன் என்னோடு கதைக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக் குடித்தான், என்னைப் பார்க்கவில்லை. அவன் என்னை மன்னிக்க எவ்வளவு காலம் எடுத்தாலும் எடுக்கட்டும். காலையில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அப்பாவும் தம்பியும் நானும் வாசலில் நிற்போம். சேரின் நம்பரைத் திறந்துவிட்டேன். அவருக்கு இப்போதே ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறேன், "நான் அபிஷனின் அக்கா யதுஷா. உங்களோடு கதைத்தது அம்மா இல்லை, நான். காலையில் அப்பாவோடு வருகிறோம்" என்று. அந்த மிஸ் அடுத்து வரும் நாள்வரை காத்திருக்கவேண்டாம், ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போகவேண்டும் என்று சேர் சொன்னால் அப்படியே நேரே போவோம் என்று அப்பா சொல்லிவிட்டார். யார் லிஃப்டுக்குள் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும் என்றும் சொன்னார். அதை அவர் உரத்துச் சொன்னார், மேல் மாடிக்குக் கேட்கட்டும் என்றுபோல.

அம்மா, நீங்கள் இதை வாசித்து முடித்ததும் முதலில் தண்ணீர் குடியுங்கள். பிறகு தம்பியை எடுங்கள். அவனுடைய போனை அலுமாரியில் இருந்து எடுத்து, சார்ஜ் ஏற்றி, அவனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என்னோடு பிறகு கதைக்கலாம், என்னை ஏசுவதற்கும் பிறகு நேரம் இருக்கிறது. அவனிடம் சப்பாத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம். சேரின் நம்பரை இந்தத் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் வாயாலேயே அவரோடு கதையுங்கள். இரவு முழுக்க ஹோமில் இருக்கும் அந்த வயதானவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, அவர்கள் பயந்தால் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன் என்று சொன்னீர்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு பிள்ளையை நான் கைவிட்டேன்.

உங்களுக்கு நான் ஆசீர்வாதம் சொல்லும் வயதில்லை. அம்மன் உங்களைக் காக்கட்டும், உங்கள் ஆசீர்வாதம் முதலில் தம்பிக்கும், மிச்சம் இருந்தால் எனக்கும் கிடைக்கட்டும். காலுறையை மறக்கவேண்டாம். கடைசியாக ஒன்று. இந்த இடத்தில், இதற்காக நீங்கள் வரவேண்டாம், நாங்கள் சமாளிப்போம் என்று எழுதத்தான் பேனை போனது. பாதி எழுதி வெட்டிவிட்டேன், படத்தில் அந்த வெட்டு உங்களுக்குத் தெரியும். வருவதா, அங்கே நிற்பதா என்று நீங்களே முடிவெடுங்கள். உங்களுக்காக நான் பதில் சொன்னது போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
யதுஷா